கல்லூரி ஊரில் ஹாலோவீன்: ஐந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில்தான் ஏதென்ஸ் வந்தோம். கிரேக்க நாட்டு ஏதென்ஸ் இல்லை, ஒஹாயோ ஏதென்ஸ். இவருக்கு ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலை. நான் வீட்டில். பையனுக்கு ஐந்து வயது. ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ 24,000தான், தெருவில் இறங்கினால் கண்ணில் படுவது எல்லாம் மாணவர்கள்.

இரண்டு வாரமாக ஹாலோவீன் தவிர வேறு பேச்சு இல்லை. ஆய்வகத்துப் பையன் ஒருவன், "அந்தச் சனிக்கிழமை குழந்தையோடு கோர்ட் தெருப் பக்கம் வந்துவிடாதீர்கள்" என்கிறான். எதிர்வீட்டு அம்மாவோ, "உங்கள் பையனுக்கு என்ன வேஷம்?" என்று ஆசை ஆசையாகக் கேட்கிறார். எதை நம்புவது?

இன்னொரு சிக்கல். இந்த வருடம் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31ஆம் தேதிதான் தீபாவளி. எங்கள் தெருவில் குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவதும் அன்று மாலைதான் என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பையன் எலும்புக்கூடு வேஷம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அத்தைக்கு வீடியோவில் விஷயம் தெரிந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக்கு எலும்புக்கூடு வேஷமா?" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

பழைய கோர்ட் தெருக்காரன்:
தங்கச்சி, இரண்டு பேர் சொன்னதும் நிஜம்தான். கல்லூரி ஊரில் ஹாலோவீன் என்பது ஒரே பெயரில் நடக்கும் இரண்டு திருவிழா. ஒன்று சாயங்காலம், பக்கத்துத் தெருக்களில், குழந்தைகளுக்கு. இன்னொன்று ராத்திரி, கடைத்தெருவில், மாணவர்களுக்கு. அதற்கு இது தெரியாது, இதற்கு அது தெரியாது.

நான் அங்கே முதுகலை படித்தவன். இப்போது கொலம்பஸ் வாசம். உங்கள் ஊரில் கோர்ட் தெருக் கூட்டம் 1974-ல் தொடங்கியது. யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. மாணவர்கள் வேஷத்தோடு தெருவில் இறங்கினார்கள், கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அடுத்த வருடமும் வந்தார்கள். இப்போது நகர நிர்வாகமே தெருவை மூடி, மேடை போட்டு, பாட்டுக் கச்சேரி வைக்கிறது. ஹாலோவீனை ஒட்டி வரும் சனிக்கிழமையில் நடக்கும். சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஊர் ஜனத்தொகை அன்று ஒரு ராத்திரிக்கு எங்கேயோ போய்விடும்.

கோர்ட் தெரு செங்கல் பாவிய தெரு. அதில் போலீஸ் குதிரைகள் நடக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதல் வருடம் வாழைப்பழ வேஷத்தில் ஒருவன் எனக்கு முன்னால் தள்ளாடிக்கொண்டு போனான். குதிரை கழுத்தைத் திருப்பி அவனை ஒரு பார்வை பார்த்தது. குதிரை பயந்ததா, பசித்ததா தெரியாது, வாழைப்பழம் எடுத்தது ஓட்டம்.

பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு 'மார்ச்சிங் 110' அங்கே வாசிக்கும். அதைப் பார்க்காமல் விட்டால் பாவம். ஆனால் பையனோடு என்றால் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுங்கள். இருட்டிய பிறகு அது வேறு தெரு.

சும்மா வந்தேன்:
கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நமக்கு எதற்கு இந்தப் பேய்க் கொண்டாட்டம்? தீபாவளி அன்று விளக்கேற்றுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய்ப் பிச்சையா?

உடன்குடி கருப்பட்டி:
சும்மா வந்தேன் அண்ணாச்சி, எங்கள் ஊர்ப் பக்கம் வந்து இதைச் சொல்லிவிடாதீர்கள். குலசேகரன்பட்டினம் தசரா கேள்விப்பட்டிருப்பீர்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் காணிக்கை வாங்குவோம். அதைக் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் சேர்ப்போம். காளி, குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ், எமன், இல்லாத வேஷம் கிடையாது. வீட்டில் வசதி இருக்கிறவனும் கையேந்தித்தான் வாங்க வேண்டும். அந்த நேர்ச்சையே அதுதான்.

இங்கே ஒஹாயோவில் சில ஊர்களில் இந்த மிட்டாய் ராத்திரிக்குப் பெயரே 'பிச்சைக்காரர் இரவு' என்று கேள்வி. சரியா, கொலம்பஸ் அண்ணன்?

நான் இருப்பது வட கரோலினா சேப்பல் ஹில். முதல் வருடம் ஃப்ராங்க்ளின் தெருவில் வேஷக் கூட்டத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஊர் ஞாபகம்தான். பக்தி மட்டும் இல்லை, மற்றபடி அதே நெரிசல், அதே சாயம், அதே வேர்வை.

பழைய கோர்ட் தெருக்காரன்:
சரிதான் தம்பி. கொலம்பஸ் பக்கம் பெகர்ஸ் நைட் என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு ஊர் நாளும் நேரமும் நிர்வாகம் குறிக்கும். காலண்டரில் 31 என்றாலும் அந்த ஊரில் 30 ஆக இருக்கலாம்.

அயோவா அப்பா:
அயோவாவின் டி மொயின் நகரிலும் வெகுகாலம் 30ஆம் தேதிதான், பெயரும் அதேதான். 1938-ல் ஆரம்பித்தது. ஹாலோவீன் ராத்திரியில் பையன்கள் செய்யும் அட்டூழியம் தாங்காமல், முதல் நாளே குழந்தைகளுக்கு என்று ஒரு மாலையை ஒதுக்கினார்கள். அங்கே மிட்டாய் சும்மா கிடைக்காது. குழந்தை ஒரு ஜோக் சொல்ல வேண்டும். என் பெண் மூன்று வருடமாக ஒரே ஜோக்கைத்தான் சொல்கிறாள். எலும்புக்கூடு ஏன் விருந்துக்குப் போகவில்லை? கூட வர உடம்பே இல்லையாம். ஆங்கிலத்தில் 'நோ பாடி' என்றால் சிரிப்பு வரும், தமிழில் சொன்னால் இழவு வீடு போல இருக்கிறது.

ஏரிக்கரை மாமி:
பொருநைக்கரை, நான் மேடிசனில் இருபது வருஷம் இருந்தவள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஒரு முனை, மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடம் மறுமுனை, நடுவில் ஸ்டேட் ஸ்ட்ரீட். எங்கள் ஊர்க் கூத்து ரொம்பப் பிரசித்தம். ஒரு காலத்தில் ராத்திரி முடிகிற நேரத்துக்குக் கடைக் கண்ணாடி உடையும், போலீஸ் மிளகுப்புகை அடிக்கும். அடுத்த நாள் காலையில் கடைக்குப் போனால் தொண்டை கமறும். 2006-ல் நிர்வாகம் தெருவைச் சுற்றி வேலி போட்டு ஐந்து டாலர் டிக்கெட் என்றது. மாணவர்கள் குய்யோ முறையோ என்றார்கள். பொதுத் தெருவில் நடக்க டிக்கெட்டா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கலாட்டா அடங்கியது என்னவோ உண்மை. 'ஃப்ரீக்ஃபெஸ்ட்' என்று பெயர் வைத்துக் கச்சேரியோடு நடத்தினார்கள். 2019-க்கு அப்புறம் அதுவும் இல்லை.

சரி, அதை விடு. உனக்கு உடனே தெரிய வேண்டியது வேறே. சைவமா நீங்கள்?

பொருநைக்கரை:
ஆமாம் மாமி. முட்டைகூட இல்லை.

ஏரிக்கரை மாமி:
அப்போ கவனமாகப் படி. பையன் வாளியோடு வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரிக்கணும். கேண்டி கார்ன் என்று ஆரஞ்சும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சோளமுத்து மாதிரி ஒன்று வரும். அதில் பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டுத்தோல் பன்றித்தோல் சமாசாரம். மார்ஷ்மெல்லோ, கம்மி கரடி எல்லாமே அப்படித்தான். ஸ்டார்பர்ஸ்ட் கூடாது, ஸ்கிட்டில்ஸில் இப்போது ஜெலட்டின் இல்லை. ஸ்நிக்கர்ஸ், மில்கி வே இரண்டிலும் முட்டை வெள்ளைக்கரு உண்டு, இது நிறைய பேருக்குத் தெரியாது. கிட்கேட், ரீஸஸ், ஹெர்ஷே தாராளமாகச் சாப்பிடலாம். சின்ன உறையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பான், கண்ணாடி போட்டுக்கொண்டு படி. ரீஸஸில் நிலக்கடலை இருக்கிறது, பையனுக்கு ஒத்துக்கொள்ளும்தானே?

வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்த வீடு கண்ணில் பட்டால், அங்கே கடலை மாதிரி ஒவ்வாமைப் பிள்ளைகளுக்காகப் பென்சில், ஸ்டிக்கர் என்று தின்னாத சாமானும் வைத்திருப்பார்கள் என்று அர்த்தம். மிட்டாய் வேண்டாம் என்கிற நம் மாதிரி ஆட்களுக்கும் அது சௌகரியம்.

வாசல் விளக்குதான் எல்லாம். எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் வரக் கூடாது. தீபாவளிக்கு நீ விளக்கேற்றி வைத்தால் தெருவே உன் வீட்டுக்கு வரும், இப்போதே சொல்லிவிட்டேன்!

பொருநைக்கரை:
ஐயோ மாமி, இது தோன்றவே இல்லை. கார்த்திகைக்கு வாங்கிய அகல் எல்லாம் வாசலில் வைக்கத்தான் எடுத்து வைத்திருந்தேன். சரி, அப்போது முறுக்கும் ரிப்பன் பக்கோடாவும் கொடுக்கலாமா? சுட்டு வைத்திருக்கிறேன்.

அயோவா அப்பா:
வேண்டாங்க. தெரிந்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள். கம்பெனி உறையில் இல்லாத எதையும் இங்கே பெற்றோர்கள் குழந்தைக்குத் தர மாட்டார்கள், அப்படியே குப்பைக்குப் போகும். மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு என்று ஒரு தலைமுறையே பயந்து வளர்ந்த ஊர் இது. வேடிக்கை என்னவென்றால், ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல பத்தாண்டுச் செய்திகளைத் துழாவிப் பார்த்தும், முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் குழந்தை செத்ததாக நிரூபணமான ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. 1974-ல் டெக்சஸில் ஒரு பையன் சயனைட் கலந்த மிட்டாய் தின்று இறந்தது உண்மை. ஆனால் கொடுத்தது அவனைப் பெற்ற அப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக. பழி அடுத்த வீட்டுக்காரன் மேல் நின்றுவிட்டது.

உடன்குடி கருப்பட்டி:
வேஷத்துக்கு வருவோம் அக்கா. காளி, அம்மன் என்று எதுவும் போட்டுவிட வேண்டாம், வேறு யாராவது போட்டாலும் நம்மவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். 2008-ல் ஹைடி க்ளூம் என்ற மாடல் அழகி உடம்பெல்லாம் நீலச்சாயம் பூசி, கைகள் ஒட்டிக் காளியாக வந்தபோது இந்து அமைப்புகள் கண்டித்தன. குலசையில் காளி வேஷம் போட 41 நாள், 48 நாள் என்று விரதம் இருக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் யோசித்தால், எங்கள் கூட்டத்திலேயே குறவர் வேஷம் போட்டு ஆடுகிறோமே, அதைப் பார்த்து நிஜக் குறவர் என்ன நினைப்பார் என்று ஊரில் இருந்தவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கே வந்துதான் உறைத்தது.

பழைய கோர்ட் தெருக்காரன்:
தம்பி நல்ல இடத்தில் கை வைத்தார். அந்த விஷயத்தை அமெரிக்கா பூராவும் பேச வைத்ததே ஏதென்ஸ்தான். 2011-ல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இனவெறுப்பு பற்றிப் பேசும் ஒரு சிறு மாணவர் குழு சுவரொட்டிகள் போட்டது. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் முகம். அவர் கையில் ஒரு புகைப்படம், அதில் அவருடைய இனத்தைக் கேலி செய்யும் ஹாலோவீன் வேஷம். வெடிகுண்டு கட்டிய அரபுக்காரர், முகத்தில் கறுப்புப் பூச்சு, இப்படி. 'நாங்கள் ஒரு பண்பாடு, வேஷம் அல்ல' என்று வாசகம். கத்தாமல் நேராகப் பார்க்கும் முகங்கள். இணையத்தில் தீயாகப் பரவி, நாடு முழுக்க மற்ற கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன. 2015-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதே வேஷ விவகாரம் ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்துப் பெரிய போராட்டமாகவே வெடித்தது. வேஷத்தை மாணவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டுமே, நிர்வாகம் எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு ஆசிரியர் எழுதியது வினை. நான் அந்த ஆசிரியர் பக்கமும் இல்லை, அவருடைய கணவரை வளைத்துக்கொண்டு கத்திய கூட்டத்தின் பக்கமும் இல்லை. சுவரொட்டி போட்ட ஏதென்ஸ் பிள்ளைகள்தான் என் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

இன்னொன்று. குன்றின் மேல் பெரிய சிவப்புச் செங்கல் கட்டடம் பார்த்திருப்பீர்கள், 'தி ரிட்ஜஸ்' என்பார்கள். 1874-ல் திறந்த மனநல மருத்துவமனை. இப்போது பல்கலைக்கழகத்தின் கையில், ஒரு பகுதி கலைக்கூடம். ஹாலோவீன் வந்தால் பிள்ளைகள் அங்கே பேய் தேடிப் போவார்கள். நானும் போனேன். பேய் இல்லை. பின்னால் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வரிசை வரிசையாகச் சிறு கற்கள். பல கல்லில் பெயரே இல்லை, எண் மட்டும். 347, 348, 349 என்று குனிந்து படித்துக்கொண்டே போன என் கூட்டாளி பாதியில் நிறுத்திவிட்டு, போகலாம் என்றான். அதற்குப் பிறகு எவனும் அங்கே பேய்க்கதை பேசினால் எனக்கு எரிச்சல் வரும்.

கோட்டாறுக்காரி:
அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் நவம்பர் 2 ஞாபகம் வந்துவிட்டது. கல்லறைத் திருநாள். முந்தின வாரமே கல்லறையைச் சுண்ணாம்படித்து, அன்று பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, குருவானவர் வந்து மந்திரிப்பார். நவம்பர் 1 எல்லாப் புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தைய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லுக்கே பொருள். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள், அமெரிக்கா வந்த இடத்தில் பூசணி மலிவாகவும் பெரிதாகவும் கிடைத்தது. எலும்புக்கூடு என்றால் அவ்வளவு பயப்பட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், அது எனக்கும் தெரியும்.

சும்மா வந்தேன்:
குலசைக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன், மறந்தே போனேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். பூசணியில் முகம் வரைந்து வாசலில் வைப்பது எங்கள் மதுரையில் புது வீட்டுக்கு வீடு உண்டுதானே. மீசை, கோரைப்பல், வெளியே தள்ளிய நாக்கு. என்ன, நாம் குடைவதில்லை, தொங்கவிடுகிறோம்.

உடன்குடி கருப்பட்டி:
அக்கா! வேஷம் கிடைத்துவிட்டது! திருஷ்டிப் பூசணி! அத்தை வாயே திறக்க முடியாது.

ஏரிக்கரை மாமி:
பேஷ். சட்டையை ஒரு அளவு பெரிதாக வாங்கு, உள்ளே ஜாக்கெட் போடணும். எங்கள் ஊரில் இளவரசி வேஷம் போட்ட குழந்தை எல்லாம் கடைசியில் பனிக்கோட்டுக்குள் ஒளிந்த இளவரசிதான். முகமூடி வேண்டாம், கண் மறைக்கும், சாயமே போதும். குடைகிற பெரிய பூசணியைக் குழம்பு வைக்கலாம் என்று ஆசைப்படாதே, நான் வைத்திருக்கிறேன், நாரும் தண்ணியுமாக ஒரு ருசியும் கிடையாது. சமையலுக்குச் சின்னதாக 'பை பம்ப்கின்' என்று விற்பான். பெரியதன் விதையை மட்டும் அலசி, உப்பு மிளகாய்ப்பொடி பிசிறி ஓவனில் வறு.

அயோவா அப்பா:
ஒரு கசப்பான விஷயமும் சொல்லிவிடுகிறேன், இங்கே படிக்க வந்த தம்பிகளுக்காக. 1992 அக்டோபரில் லூயிசியானாவின் பேட்டன் ரூஜ், அதுவும் பல்கலைக்கழக ஊர். ஜப்பானிலிருந்து வந்த 16 வயது மாணவன் ஹாலோவீன் விருந்துக்கு வேஷத்தோடு போனவன், வீடு மாறி வேறு கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு 'ஃப்ரீஸ்', அதாவது அசையாதே என்று கத்தினார். பையனுக்கு அதன் அர்த்தம் பிடிபடவில்லை. சுட்டுவிட்டார். அடுத்த வருடம் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்றது. முகவரியை இரண்டு முறை பாருங்கள். பொம்மைத் துப்பாக்கி எடுத்துப் போகாதீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே விசா ரத்தாகலாம். திறந்த பீர் டப்பாவோடு தெருவில் நடப்பதும் ஒஹாயோவில் வழக்குதான்.

உடன்குடி கருப்பட்டி:
சேப்பல் ஹில்லில் 2007-ல் 80,000 பேருக்கு மேல் கூடினார்களாம், நான் வருவதற்கு ரொம்ப முன்னால். மறு வருடமே நகரம் 'ஹோம்கிரோன் ஹாலோவீன்' என்று அறிவித்து, வெளியூர்க்காரர் வர முடியாதபடி சாலைகளை மூடி, வாகன வசதியைக் குறைத்துக் கூட்டத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியது. இல்லினாயின் கார்பண்டேலில் கலவரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே ஹாலோவீன் சமயம் விடுமுறை விட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது. ஏதென்ஸ் மட்டும் அடக்கவும் இல்லை, டிக்கெட்டும் போடவில்லை, மேடை போட்டுக் கொடுத்துவிட்டது.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை வெளிச்சத்திலேயே கோர்ட் தெருவுக்குப் போனோம். நான்கு பேர் சேர்ந்து ஒரு ரயில் வண்டியாக வந்தார்கள், கடைசிப் பெட்டி ஒரு பெண். எங்கள் பையனைப் பார்த்ததும் ரயில் நின்றது, ஏறிக்கொள் என்றார்கள். இருபது அடி தூரம் போயிருப்பான். பேண்டு கேட்கும் வரை இருக்கலாம் என்று இவர் சொன்னார், எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டு ஜன்னலைத் திறந்தால் நடுராத்திரி வரை தூரத்து இரைச்சல் கேட்டது, தைப்பூச ராத்திரி மாதிரி.

30ஆம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு ஊரில் விடிகாலை நாலு மணி, எண்ணெய் வைக்கும் நேரம். அத்தையை வீடியோவில் வைத்துக்கொண்டே பையன் தலையில் எண்ணெய் வைத்தேன். மறுநாள் மாலை வெள்ளை பனியனில் திருஷ்டி முகம் வரைந்து மாட்டிவிட்டேன். உருட்டு விழி, மீசை, சிவப்பு நாக்கு. அத்தை பார்த்துவிட்டு, "மீசை பத்தலை" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். மாமி, பெரிய சட்டையே வாங்கினேன், ஆனால் அன்று ஜாக்கெட் போடுகிற குளிரே இல்லை.

அகல் விளக்கைப் பார்த்து முப்பத்தெட்டுக் குழந்தைகள் வந்தார்கள், எண்ணினேன். நாற்பது கிட்கேட் வாங்கியிருந்தேன். எதிர்வீட்டு அம்மா அகல் ஒன்றைக் கையில் எடுத்து, மண்ணா என்று கேட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறுக்குப் பொட்டலம் அவருக்குக் கொடுத்தேன். பையனை எல்லோரும் பூனை என்றே நினைத்தார்கள், மீசையால் வந்த வினை.

ஏரிக்கரை மாமி:
மிட்டாயைப் பிரித்தாயா?

பொருநைக்கரை:
தரையில் கொட்டிப் பிரித்தோம் மாமி. ஆகாததை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு இவர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். மதியத்துக்குள் காலியாம். கேண்டி கார்ன் மட்டும் இன்னும் மேஜையிலேயே இருக்கிறதாம், அதைச் சைவம் அசைவம் யாரும் தொடவில்லை.